கொலை நடந்த பீங்கான் வீடு

1986ஆம் ஆண்டு, மார்கழிக் குளிர். சுவிஸில் துன் நகரத்து ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில், அங்கே சாப்பிட வரும் ஒரு முதியவரின் வீட்டையும் துடைத்துக் கொடுப்பேன்.

அவர் தனி ஆள். பழைய இங்கிலாந்துப் பீங்கான் வீடுகளைச் சேர்ப்பதுதான் அவருக்கு வாழ்க்கை. கைக்குள் அடங்கும் குடிசைகள், தேவாலயங்கள், கோட்டைகள் என்று கண்ணாடி அலுமாரி நிறைந்திருக்கும். நான் அதிகம் கதைக்காதவன், கையும் பதறாது. அதனால் தூசி துடைக்க என்னை மட்டும் விட்டிருந்தார்.

அந்தக் கிழமைதான் கொழும்பிலிருந்து உறவினர் ஒருவர் தொலைபேசியில் சொன்னார். ஊரில் ஆமி வந்து என் அண்ணரையும் அவருடைய மகனையும் வீட்டு வாசலிலேயே சுட்டுவிட்டதாம். அகதிகள் விடுதியில் நான் யாருக்கும் சொல்லவில்லை. அங்கே எல்லாருக்கும் ஒரு சாவு இருந்தது. யாரும் யாரிடமும் கேட்பதில்லை.

அந்தக் கிழமைச் சனியன்று முதியவர் புதிதாக வாங்கிய ஒரு வீட்டைக் காட்டினார். மிக அரிதானதாம், வருடக்கணக்காகத் தேடினாராம். என் அரைகுறை ஜெர்மனுக்கு விளங்கட்டும் என்று விரலைத் துவக்குப் போல நீட்டிக் காட்டினார். நூற்றுச் சொச்ச வருடங்களுக்கு முன், இங்கிலாந்தில் அதன் அசல் வீட்டில் தகப்பனையும் மகனையும் சுட்டுக் கொன்றார்களாம். சனம் திரண்டு போய்ப் பார்த்ததாம். உடனே அதே வீட்டைப் பீங்கானில் செய்து விற்றார்களாம்.

நான் துணியைக் கீழே வைத்துவிட்டேன். அதைத் தொடமாட்டேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். விடுதியில், செத்த வீட்டுக்குப் போய் வந்தவன் மாதிரி பச்சைத் தண்ணீரில் தலைமுழுகினேன்.

"என்னண்ணை, இந்தக் குளிருக்குள்ள முழுக்கு?" என்றார் பக்கத்துக் கட்டில்காரர். பீங்கான் வீட்டின் கதையை மட்டும் சொன்னேன்.

"பீங்கானுக்கும் சாவுத் துடக்கோ? அப்ப எட்டுச் செலவையும் செய்து போடுங்கோ, எங்களுக்கும் ஒரு நல்ல சாப்பாடு கிடைக்கும்!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் அண்ணருக்கு எட்டாம் நாள் படைக்க ஊரில் யாரும் மிஞ்சவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

அடுத்த சனி முதியவர் கோபமாக இருந்தார். ஏன் தொடவில்லை, வேலை வேண்டாமா என்று கேட்டார். "அண்ணன். மகன். வீடு. சுட்டது" என்று தெரிந்த சொற்களைச் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, "உன் அண்ணனின் வீடு எப்படி இருக்கும்?" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இதையும் அலுமாரியில் வைக்கப் பார்க்கிறாரோ என்று நினைத்தேன். ஆனால் வாய் தானாகத் திறந்துவிட்டது. ஓட்டுக் கூரை, முன்னுக்கு இரண்டு யன்னல், நீலக் கதவு. ஜெர்மன் முடிந்த இடத்தில் கையால் காட்டினேன். அதுவும் போதாமல் தமிழிலேயே சொன்னேன். வாசலில் யார் முதலில் விழுந்தது என்ற இடத்துக்கு வந்ததும் அழுகை வந்துவிட்டது. செய்தி வந்த பிறகு அன்றுதான் அழுதேன். அவர் என் தோளைத் தொடவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. நான் அழுது முடித்ததும், யன்னலுக்கு என்ன நிறம் என்று கேட்டார்.

இரக்கத்தில் கேட்டாரா, சேர்ப்பவருக்கு உள்ள ஆசையில் கேட்டாரா, எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் அண்ணரின் வீடு எப்படி இருந்தது என்று என்னிடம் கேட்ட மனிதர், இன்றுவரை அவர் ஒருவர்தான்.