நைனா என்னை நம்பிக் கொடுத்த பத்திரம்

எங்கள் வீட்டில் அழாதவள் என்று பெயர் எடுத்தவள் நான். சித்தூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் கூப்பிடும் வேலை. காலையில் போய் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை தெலுங்கிலும் தமிழிலும் கத்திக்கொண்டே இருக்க வேண்டும். "வெறும் வயித்துல வரச் சொன்னா வயிறு முட்ட இட்லி துன்னுட்டு வந்து நிக்கறீங்களே பெரியவரே!" என்று நான் போடும் சத்தத்தில் வரிசை தானாக நேராகிவிடும். அம்மா செத்துப்போன அன்றுகூட நான் அழவில்லை. வண்டிக்காரனோடு வாடகைக்குச் சண்டை போட்டேன், வந்தவர்களுக்கு காபி போட்டேன், வீட்டைக் கழுவிவிட்டேன். தம்பிதான் குழந்தை மாதிரித் தேம்பித் தேம்பி அழுதான். அதைப் பார்த்துத்தான் நைனா என்னைத் தேர்ந்தெடுத்தார். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

நைனா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சித்தூர் திருப்பதி ரூட்டில் ஓடி ஓடியே வயசானவர். ஓய்வு பெற்ற சில வருடங்களில் நுரையீரல் இறுகிப்போகும் நோய் வந்தது. மருந்தால் தள்ளிப் போடலாமே தவிர குணமாகாது என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் ஆக்சிஜன் மெஷின் ஒன்று வாங்கி வைத்தோம். மூக்கில் குழாயை மாட்டிக்கொண்டு டிவி பார்ப்பார், பாத்ரூம் போய்விட்டு வந்தால் அரைமணி நேரம் மூச்சு வாங்குவார். ஆனால் வாய் மட்டும் ஓயவில்லை. டிவியில் பேசுகிறவன் எல்லாம் அவரிடம் திட்டு வாங்குவான்.

அந்த டிவியில்தான் அந்தச் செய்தியைக் கேட்டிருக்கிறார். பிழைக்க வழியில்லை என்ற நிலை வந்தால் மெஷின் வைத்து இழுக்க வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம், கோர்ட்டே ஒப்புக்கொண்டுவிட்டது என்று. மறுநாளே ஆரம்பித்துவிட்டார்.

"உங்கம்மாவெ ஆஸ்பத்திரில கட்டிப் போட்டு வெச்சிருந்தாங்களே, பாத்தே இல்ல? கைய ரெண்டு பக்கமும் கட்டி, வாயில குழாயச் சொருகி. நான் அப்டிப் போவ மாட்டேன். எழுதிடலாம்."

போன் ஸ்பீக்கரில் குவைத்திலிருந்து தம்பி பேசினான். அங்கே ஒரு வீட்டில் டிரைவர் வேலை அவனுக்கு. "இன்னா நைனா இது, தற்கொலைக்குப் பத்திரம் எழுதற மாதிரி கீது. உயிர் குடுத்தவன் எடுத்துக்கட்டும், நாம யாரு?" என்றான். சொல்லும்போதே அழ ஆரம்பித்துவிட்டான்.

"டேய், நான் சாவணும்னு எங்கடா சொன்னேன்? சாவு வந்துச்சின்னா கதவெப் புடிச்சிக்கினு நிக்காதீங்கன்னுதான் சொல்றேன். ரெண்டும் ஒண்ணா?"

கோர்ட்டுக்குப் பக்கத்தில் இருந்த நோட்டரி வக்கீலும் கிட்டத்தட்ட அதையேதான் தெலுங்கில் சொன்னார். விஷம் குடிப்பது வேறு, வைத்தியம் வேண்டாம் என்பது வேறு. ஒருவர் உயிரை எடுக்க யாருக்கும் சட்டம் இடம் கொடுக்கவில்லை, போகிற உயிரை மெஷினில் கட்டி வைக்காதே என்று சொல்ல மட்டும் இடம் கொடுத்திருக்கிறது. எனக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே புரிந்தது. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டேன்.

சாட்சிக் கையெழுத்துக்குத்தான் அலைந்தோம். வீட்டு ஓனர், "நல்ல நாளும் அதுவுமா என்னெ இதுல இழுக்காதீங்கம்மா" என்று உள்ளே போய்விட்டார். பக்கத்து வீட்டில் கதவே திறக்கவில்லை. கடைசியில் நைனாவோடு பஸ் ஓட்டிய பழைய டிரைவர் ஒருவர் போட்டார். இன்னொன்று, அந்தக் காகிதத்தை நகல் எடுத்த ஜெராக்ஸ் கடைக்காரம்மா. நகல் எடுக்கும்போதே படித்துப் பார்த்திருக்கிறாள். "எங்க மாமனாருக்கும் இப்டி ஒண்ணு எழுதியிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்று சொல்லிக்கொண்டே பேனாவை வாங்கினாள்.

தன் சார்பில் முடிவைச் சொல்ல என் பெயரை எழுதச் சொன்னார் நைனா. வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்: "அவன் அழுதுகினே கெடப்பான். நீதான் கல்லு மாதிரி நிப்பே. அதான் உங்கைல குடுக்கறேன்." எனக்குப் பெருமையாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நிஜமாகவே பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு மத்தியானம் நான் வேலையில் இருந்தபோது வீட்டு ஓனரிடமிருந்து போன் வந்தது. வீட்டுக்கு ஓடினால் நைனாவின் உதடெல்லாம் நீலம் பாய்ந்துவிட்டது. ஆம்புலன்ஸில் திருப்பதிக்குக் கொண்டுபோனோம். நெஞ்சில் சளி கட்டி கிருமி தொற்றியிருக்கிறது, மெஷின் வைத்தால் மூன்று நான்கு நாளில் எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். கையெழுத்துப் போட்டேன். அதில் தப்பில்லை. பிழைக்க வழியில்லாதபோதுதானே வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்? பத்திரம் என் தோள்பையில், ஆதார் கார்டோடு ஒரே பிளாஸ்டிக் கவரில் இருந்தது.

ஐந்தாம் நாள் டாக்டர் என்னை உட்காரவைத்துச் சொன்னார். கிருமி அடங்கிவிட்டது, ஆனால் நுரையீரல் இனித் தானாக இயங்காது. மெஷினை எடுத்தால் தாங்க மாட்டார், எடுக்காவிட்டால் இப்படியே இருப்பார், எத்தனை நாள் என்று சொல்ல முடியாது. "வேற யார்கிட்டயாச்சும் கலந்து பேசணுமா?" என்று கேட்டார். அந்த நிமிஷம் பையின் ஜிப்பைத் திறந்திருக்க வேண்டும். "தம்பி குவைத்துல இருக்கான் சார், வரட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஏன் கொடுக்கவில்லை? சட்டத்தில் சந்தேகம் இல்லை, பாவம் புண்ணியம் பார்க்கிற ஆளும் இல்லை நான். அவர் உடம்பு சூடாக இருந்தது, அவ்வளவுதான். பாதத்தைத் தொட்டால் சூடாக இருந்தது. அந்தச் சூட்டை நானே கையெழுத்துப் போட்டு அணைக்க வேண்டுமா? நாளைக்குக் கொடுக்கலாம், நாளைக்குக் கொடுக்கலாம் என்று ஏழு நாள் தள்ளினேன்.

அந்த ஏழு நாளும் அவருக்கு நினைவு இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. குழாயைப் பிடுங்கிவிடுகிறார் என்று கையைக் கட்டித்தான் வைத்திருந்தார்கள், அம்மாவுக்குச் செய்தது போலவே. காலையில் பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம் உள்ளே விடுவார்கள். என்னைப் பார்த்ததும் கட்டிய வலது கையின் விரல்களைச் சேர்த்து, படுக்கையின் மேல் எழுதுவது போல இழுப்பார். திரும்பத் திரும்ப இழுப்பார், கண் என் மேலேயே இருக்கும்.

எனக்குப் புரியாதா? நன்றாகவே புரிந்தது.

"தண்ணி வேணுமா நைனா?" என்று கேட்டேன்.

நர்ஸ் பெண், "ஏதோ எழுதிக் காட்டறாரு போலக்கீதே அக்கா" என்றாள். "கண்டக்டரா இருந்தவரும்மா, டிக்கெட் கிழிக்கிற ஞாபகம்" என்றேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அடிப்பாவி என்று என்னை நானே எத்தனையோ முறை திட்டிக்கொண்டாகிவிட்டது, அந்தச் சிரிப்பு மட்டும் போக மாட்டேன் என்கிறது. நைனா கண்ணை மூடிக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் தம்பி வந்தான். உள்ளே போனவன் ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டான். இவன் அழுது ஊரைக் கூட்டப் போகிறான் என்று நினைத்தேன். அழவில்லை.

"அக்கா, அவரு அந்த பேப்பரக் கேக்கறாரு. வூட்லயா கீது?"

"இல்ல. பைல."

"எந்தப் பைல?"

தோளில் மாட்டியிருந்ததைக் காட்டினேன். அவன் பையைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். எத்தனை நாளாக என்று கேட்பான் என்று காத்திருந்தேன். கையை மட்டும் நீட்டினான், கொடுத்தேன். சாவுக்குப் பத்திரமா என்று சண்டை போட்டவன்தான் அதை டாக்டரிடம் கொண்டுபோனான்.

இப்படி ஒரு காகிதத்தை இங்கே யாரும் இதுவரை கொண்டுவந்ததில்லை என்றார் டாக்டர். பிறகு வேலைகள் நடந்தன. நைனாவிடமே தெலுங்கில் கேட்டார்கள், குழாயை எடுத்துவிடலாமா, எடுத்தால் என்ன ஆகும் என்று தெரியுமா என்று. அவர் மூன்று முறை தலையை ஆட்டினார். ஆஸ்பத்திரி டாக்டர்கள் கூடிப் பேசினார்கள், வேறு டாக்டர்கள் வந்து பார்த்தார்கள், மாஜிஸ்திரேட்டுக்கு எழுதி அனுப்பினார்கள். இரண்டு நாள் ஆனது. இரண்டே நாள்தான்.

மூச்சு முட்டாமல் இருக்க மருந்து கொடுத்துவிட்டுக் குழாயை எடுத்தார்கள், கைக்கட்டையும் அவிழ்த்தார்கள். எங்கள் இருவரையும் கூடவே இருக்க விட்டார்கள். நான் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். தொண்டை புண்ணாகியிருந்ததால் குரல் காற்றாகத்தான் வந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"பேப்பரு... எப்போ குடுத்தே?"

கட்டிலின் அந்தப் பக்கம் தம்பி போர்வையைச் சரி செய்துகொண்டிருந்தான். அவன் கை நின்றது.

"மொத நாளே குடுத்துட்டேன் நைனா" என்றேன். "கமிட்டி, சட்டம், கையெழுத்துன்னு இவங்கதான் இழுத்தடிச்சிட்டாங்க."

தம்பி நிமிரவில்லை. நைனா கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். பிறகு கட்டுத் தழும்பு இருந்த கையைத் தூக்கி என் கன்னத்தில் வைத்தார்.

"உன்னெத் தப்பா நெனச்சிட்டேன் கண்ணு. இத்தினி நாளா... மனசுக்குள்ள உன்னத்தான் திட்டிக்கினு கெடந்தேன். மன்னிச்சிடு."

"பரவால்ல நைனா" என்றேன்.