மலையேறாத தீர்த்தச் செம்பு

என் மகன் எட்டாம் மாதத்திலேயே பிறந்ததற்கு அந்த மலைதான் காரணமா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நான் உண்டானால் ராமேஸ்வரம் தீர்த்தத்தைக் கேதார்நாத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதாக என் மாமியார் வேண்டியிருந்தார். ஆறாம் மாதத்தில் உத்தரகோசமங்கையிலிருந்து கிளம்பினோம். டாக்டரிடம் கேட்கத் தோன்றவில்லை. டோலியில் பாதி மலை ஏறியபோது தலை வலித்தது, மூச்சு முட்டியது. அத்தையிடம் சொன்னேன்.

"மாசமா இருந்தா மூச்சு வாங்கத்தான் செய்யும். தூக்கிட்டு வாரவனே சும்மா வாரான், உக்காந்து வாரவளுக்கு என்னத்தா?" என்று சிரித்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் உதடு நீலமானதைப் பார்த்துக் கணவர்தான், "போதும்மா, எறங்குவோம்" என்று திருப்பிவிட்டார்.

மகனுக்கு இரண்டு வயது. இன்னும் நடக்கவில்லை. காரணத்தை டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. "பாதியில திரும்புன குத்தம்" என்கிறார் அத்தை.

இப்போது மறுபடியும் உண்டாகியிருக்கிறேன். இந்த முறை முதலில் டாக்டரிடம்தான் கேட்டேன். மலைக்குப் போகவே கூடாது என்றார். தீர்த்தச் செம்பு இன்னும் சாமி அலமாரியில் இருக்கிறது. "இந்தப் பிள்ளையாவது நல்லா இருக்க வேணாமா?" என்று அத்தை தினமும் அழுகிறார். கணவரும் இப்போது எனக்காகப் பேசுவதில்லை. அத்தையிடம் நான் என்ன சொல்லட்டும்? தெரிந்தவர்கள் எழுதுங்களேன்.