ஆட்டுக்கு எதிரான மனு

"செரி, இதில வில்லன் யாரு?" என்று கேட்டுக்கொண்டே ரெனிஷா கணினியில் 'பெறுநர்' என்று அடித்து முடித்துவிடுவாள். அருமனை ஊர்ப் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே நகலெடுக்கும் கடை வைத்திருக்கிறாள். மனுவும் அடித்துத் தருவாள். நாலு மாதமாக இணைய வகுப்பில் திரைக்கதை படிக்கிறாள். அப்போதிலிருந்து அவளிடம் மனு அடிக்கப் போகிறவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது.

தெருவிளக்கு எரியவில்லை என்று ஒருவர் வந்தார். "எரியல்லேன்னா உங்களுக்கு என்ன? அதைச் சொல்லல்லேன்னா ஆபீசர் மொத வரியிலயே எந்திரிச்சுப் போயிருவாரு" என்றாள். மனிதர் வெட்கப்பட்டு, இருட்டில் ஓடைக்குள் விழுந்ததை ஒப்புக்கொண்டார். பத்தே நாளில் விளக்கு எரிந்தது. அதற்குப் பிறகு ரெனிஷாவைப் பிடிக்க முடியவில்லை. பெயர்ப்பிழைத் திருத்த மனுவில் இடைவேளைக்கு இடமில்லையே என்று என்னிடமே வருத்தப்பட்டிருக்கிறாள்.

ஆனால் அவள் எழுதியனுப்பிய காட்சிகளோ மூன்று முறை திரும்பி வந்துவிட்டன. 'வில்லன் மரக்கட்டை. ஒரு நல்ல குணமாவது கொடுங்கள்' என்று வகுப்பாசிரியர் எழுதியிருந்தார். நாலாவது முறையும் தவறினால் வகுப்பிலிருந்து நீக்கிவிடுவார்கள்.

அந்த வாரம் நான் ரேஷன் அட்டையை நகலெடுக்க நின்றபோது தாணம்மாள் மூச்சிரைக்க வந்தாள்.

"பக்கத்து வீட்டுக் கிருஷ்ணமணிக்க ஆடு எனக்க வாழைக்கன்னு எல்லாத்தையும் தின்னுட்டுது, மக்ளே. போலீசுக்கு எழுது."

"எழுதலாம் அக்கா. அந்த அண்ணனுக்க நல்ல குணம் ஒண்ணு சொல்லுங்க."

"அவனுக்கா? நல்ல குணமா?"

"முழுக் கெட்டவன்னா யாரும் நம்பமாட்டாவ. ஒண்ணே ஒண்ணு போதும்."

தாணம்மாள் என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அவள் நெடுநேரம் யோசித்தாள்.

"வெள்ளம் வந்தப்ப எங்க வீட்டுப் பிரிட்ஜைத் தலையில தூக்கி மாடியில ஏத்தினான். உள்ள மீன்கறி இருந்தது. ஒரு சொட்டு சிந்தல்ல." குரல் இறங்கிவிட்டது. "அந்தப் பிரிட்ஜ் இப்பவும் ஓடுது, கேட்டியா."

பிறகு பையை எடுத்துக்கொண்டாள். "வேண்டாம் மக்ளே. நான் வேலி கெட்டிக்கிடுகேன்."

"அக்கா, கிளைமாக்ஸ் வரல்லியே!" என்று ரெனிஷா தெருவரை ஓடினாள். தாணம்மாள் ஏறிய பேருந்து கிளம்பிவிட்டது. திரும்பி வந்தவள் என் ரேஷன் அட்டையின்மேல் முழங்கையை ஊன்றி, தலையில் பிரிட்ஜ் சுமந்த வில்லன் ஒருவனை வேகவேகமாக அடிக்கத் தொடங்கினாள். நகல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் போனேன். 'வில்லனுக்கு இப்போது உயிர் இருக்கிறது' என்று ஆசிரியர் அனுப்பிய பதிலை மூன்று முறை வாசித்துக் காட்டினாள். நாலாவது முறை தொடங்கும்போது வாசலில் நிழல் விழுந்தது. கிருஷ்ணமணி.

"எனக்க ஆட்டுக்கு வயிறு வீங்கிப் போச்சு. தாணம்மாள் வாழைக்கு என்ன மருந்து அடிச்சாளோ! உடனே ஒரு மனு எழுது."

ரெனிஷா கணினித் திரையை அணைத்தாள். காலால் முக்காலியை அவர் பக்கம் மெல்லத் தள்ளினாள். "இருங்க அண்ணே. அந்த அக்காவுக்க நல்ல குணம் ஒண்ணு சொல்லுங்க."