பட்டுக்கு ஏற்ற விரல்

தையற்காரம்மா பள்ளிக்கூடம் போனது கொஞ்ச நாள்தான். ஆனாலும் யார் தயவும் இல்லாமல் ஒரு கடையைத் தூக்கி நிறுத்தியவள். அவள் வெட்டினால் துணி பேசும். அப்படிப்பட்ட கைக்கும் ஒரு சோதனை வந்தது. நகத்தோரத் தோல் காய்ந்து முள்முள்ளாக நின்று, கல்யாணப்பெண்ணின் பட்டில் ஓர் இழையை இழுத்துவிட்டது.

"இன்னொரு இழை போச்சுன்னா வேற கடைக்குக் கொண்டுபோயிடுவேன்" என்றாள் பெண்ணின் அம்மா.

தையற்காரம்மா பட்டை மடித்து வைத்துவிட்டு, நகத்துக்குத் தடவும் எண்ணெய் வாங்கி வந்தாள். நாத்தனார் சிரித்தாள்.

"ஏன் அண்ணி, பேரன் எடுத்த வயசுல நகத்துக்கு அழகு கேக்குதா?"

"அழகு எனக்கில்லடி, பட்டுக்கு!"

மறுநாள் காலையில் தடவிய கையோடு கத்தரியை எடுத்தாள். வெட்டிய பருத்தித் துணியில் கட்டைவிரல் அளவுக்கு எண்ணெய்க் கறை!

"போச்சா? இனிமே சமையக்கட்டுத் துணிதான் தைக்கணும்" என்றாள் நாத்தனார்.

அதற்கெல்லாம் அசருகிற ஆளா அவள்? அன்று முதல் கடையைப் பூட்டிய பிறகே எண்ணெய். நகத்தோரத்தில் ஒரு சொட்டு வைத்து, தோலில் ஊறும்வரை தேய்ப்பாள். தோல் பிசிறைப் பல்லால் கடிக்கும் பழக்கத்தையும் விட்டாள். காலையில் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகே துணியைத் தொடுவாள்.

பெண்ணின் அம்மா மறுபடி வந்தபோது, தையற்காரம்மா பத்து விரல்களையும் பட்டின்மேல் மெல்ல இழுத்துக் காட்டினாள். ஓர் இழைகூடச் சிக்கவில்லை, கறையும் இல்லை.

"அப்ப நீங்களே தைச்சிடுங்க."

"பின்ன, வேற யாரு தைப்பாங்களாம்?" என்றபடி ஊசியில் நூலைக் கோத்தாள்.