அக்‌ஷயா பிறந்த நாள்

சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசனில் பிறந்து வளர்ந்த தக்ஷிகா, லுசேர்ணில் நகரப் பேருந்து ஓட்டினாள். கலகலப்புக்காரி. வயிறு ஸ்டியரிங்கில் இடிக்கத் தொடங்கிய பிறகுதான் விடுப்பு எடுத்தாள்.

2016 மே மாதம் மகள் அக்‌ஷயா பிறந்தாள். முப்பது மணி நேர நோவுக்குப் பிறகு பிள்ளையின் இதயத்துடிப்பு இறங்க, தக்ஷிகாவை அவசரமாக அறுவைக்கூடத்துக்குக் கொண்டு ஓடினார்கள். இரத்தம் நிற்க மறுத்தது. ஆனாலும் ஒரு கிழமையில் தாயும் பிள்ளையும் சுகமாக வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

மகள்மேல் அவளுக்குக் கொள்ளை ஆசை. "அடுத்த தரிப்பிடம், குளியலறை! எல்லாரும் இறங்கவும்!" என்று அறிவித்துக்கொண்டுதான் பிள்ளையைத் தூக்கிப் போவாள். அக்‌ஷயா கெக்கட்டமிட்டுச் சிரிக்கும்.

ஆனால் மைக்ரோவேவ் 'பீப்' என்றால் போதும், அறுவைக்கூடத்து இயந்திரச் சத்தம் நினைவுக்கு வந்து தக்ஷிகா குசினியை விட்டு ஓடிவிடுவாள். வேலைக்குத் திரும்பியபின் ஆஸ்பத்திரிப் பக்கம் போகும் பேருந்தை மட்டும் யாருடனாவது மாற்றிக்கொள்வாள். கேட்பவர்களிடம் முதுகு நோவு என்பாள். கணவனின் தாயான மாமி சிவமலர், "பிள்ளை சுகந்தானே, பழசை விடு" என்பார். தக்ஷிகாவும் அப்படித்தான் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

அடுத்த மார்ச்சில், ஹோட்டல் சமையற்காரனான கணவன் பானுஜன் உற்சாகமாகப் பிறந்தநாள் பலகாரப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தான்.

"கொண்டாட்டத்தை ஜூனுக்குத் தள்ளுவமோ?" என்றாள் தக்ஷிகா.

"ஏன், அண்டைக்கு உமக்கு வேலையோ?"

"இல்ல. அந்தத் திகதியை நினைச்சாலே மூச்சு முட்டுது." சொல்லி முடிக்குமுன் அழுதுவிட்டாள். பானுஜன் பேனாவை வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

அந்த வாரம் பிள்ளையை நிறுக்கப் போன இடத்தில், தாய்மாருக்கு ஆலோசனை சொல்லும் பெண்மணி தராசை ஒதுக்கிவிட்டுக் கேட்டார்: "பிள்ளைக்கு எல்லாம் நல்லது. அந்தப் பிரசவம் உங்களுக்கு எப்படி இருந்தது?"

பத்து மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி. தக்ஷிகா மைக்ரோவேவிலிருந்து ஆஸ்பத்திரி வீதிவரை எல்லாவற்றையும் கொட்டினாள். அது பாசக்குறைவோ பலவீனமோ இல்லை, கடினமான பிரசவம் மனதில் விட்டுப்போன காயம், மாற்றலாம் என்றார் அவர். உளவியலாளரிடம் அனுப்பினார். அங்கே போகப் போகப் பயம் குறைந்தது.

ஏப்ரலில், பானுஜன் பக்கத்தில் இருக்க, பிரசவத்தன்று கூடவே நின்ற மருத்துவிச்சியைப் போய்ச் சந்தித்தாள். குறிப்புகளைப் பார்த்துப் படிப்படியாகச் சொல்லிவந்த அவர், ஓரிடத்தில் சிரித்துவிட்டார்.

"கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினோம். திருப்பத்தில் சுவரில் இடித்துவிட்டது. நீங்கள் கண்ணைத் திறந்து, 'யார் இதை ஓட்டுறது? லைசன்ஸ் இருக்கா?' என்று கத்தினீர்களே!"

"நானா அப்பிடிக் கத்தினன்?" என்றாள் தக்ஷிகா. பிறகு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"பிள்ளை அழவேயில்லை என்றுதான் நான் நினைச்சிருந்தன்" என்றாள்.

"அழாமலா? கட்டடமே அதிர்ந்தது!"

வீட்டில் தக்ஷிகா எல்லாவற்றையும் விவரித்தபோது சிவமலர் கேட்டுக்கொண்டேயிருந்தார்.

"இப்பிடிப் பயம் வாறதுக்கு ஒரு பேரும் இருக்கோ?" என்று மெல்லக் கேட்டார்.

"ஓம் மாமி."

அவர் பேத்தியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

பிறந்தநாளை அந்தத் திகதியிலேயே கொண்டாடினார்கள். காலையில் தக்ஷிகாவுக்குக் கொஞ்சம் படபடத்தது. பிறகு பலூன் ஊதுவதில் மறந்துபோனாள். கேக் வெட்டப் போகும் நேரம், சிவமலர் திடீரென்று வாய் திறந்தார்.

"பானுஜன் பிறக்கேக்க ஊரில சண்டை, வெளியில ஷெல் அடி. கோயில் மடத்திலதான் பெத்தனான். சுத்தத் துணியில்லை. ஐயர் தன்ர சால்வையைக் கழட்டித் தந்தவர். இவன் உடன அதை நனைச்சுப்போட்டான்!"

வீடு குலுங்க எல்லாரும் சிரித்தார்கள். பானுஜன்தான் அதிகம் சிரித்தான். "அம்மா, இதை ஏன் இவ்வளவு காலமும் சொல்லேல்ல?"

"ஆர் கேட்டவை?"

தக்ஷிகா கதிரையை அவரருகே இழுத்துப் போட்டாள். "நான் கேக்கிறன் மாமி. முதல்ல இருந்து சொல்லுங்கோ."

அவர் சொல்லத் தொடங்கினார். கேக்கை மறந்து எல்லாரும் சுற்றி உட்கார்ந்தார்கள். அக்‌ஷயா மட்டும் மறக்கவில்லை. இரண்டு கையையும் அதற்குள் விட்டு அள்ளிக்கொண்டிருந்தாள்.