சவுக்குத் தோப்பு வழியாக ஒரு வடதுருவ ஏரிக்கு

போன பிப்ரவரியின் கடைசி வாரம், ஒரு சனிக்கிழமையும் ஞாயிறும். பூநாரைகள் கிளம்பிப் போவதற்குள் பழவேற்காடு ஏரியை ஆந்திரப் பக்கத்திலிருந்து ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினேன். கூட வருவதாகச் சொன்னவள் ரேவதி. கல்லூரி விடுதியில் மூன்று வருடம் என் அறைத்தோழி. நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். இப்போது திருப்பதியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். என்ன வேலை என்று யார் கேட்டாலும், "சேத்துல பூந்தூள் எண்ணிக்கினு கீறேன்" என்பாள்.

உண்மையிலேயே அதுதான் வேலை. வடதுருவத்துக்கு அருகே ஓர் ஏரி. வருடா வருடம் சுற்றிலும் பூக்கும் செடிகளின் மகரந்தம் அதில் விழுந்து, சேற்றோடு அடியில் படிகிறது. ஆழத்துக்குப் போகப் போகப் பழைய காலம். அங்கே போனவர்கள் நீண்ட குழாயை இறக்கி அந்தச் சேற்றை எடுத்துவந்தார்கள். அதிலிருந்து சிட்டிகை சிட்டிகையாக, ஆழம் எழுதிய சின்னக் குப்பிகளில் இவளிடம் வந்தது. அமிலத்தில் வேகவைத்தால் மற்றதெல்லாம் கரைந்து மகரந்தத்தின் கெட்டியான ஓடு மட்டும் மிஞ்சும். எந்தச் செடியின் தூள் எத்தனை என்று எண்ணினால், அந்தக் காலத்தில் அங்கே என்ன வளர்ந்தது, எவ்வளவு குளிர் என்று சொல்லிவிடலாம். ரேவதி இதுவரை பனியைப் பார்த்ததில்லை.

நான் ஏறிய ரயில் சென்னை சென்ட்ரலிலிருந்து காலை 7.20க்கு. சூளூர்பேட்டை 83 கிலோமீட்டர், இரண்டு மணி பத்து நிமிடம், டிக்கெட் 25 ரூபாய். ரேவதி திருப்பதியிலிருந்து விடியற்காலைப் பேருந்தில் காளஹஸ்தி வழியாக வந்து ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்தாள். அரை நாளுக்கு 900 ரூபாய் பேசி ஒரு ஆட்டோ எடுத்தோம். ஓட்டுநர் முனிரத்னம், ஐம்பது வயதிருக்கும். எங்களிடம் தமிழ், போனில் தெலுங்கு, வழியில் வந்த மாடுகளிடம் இரண்டும்.

ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரியை இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது. பத்தாவது கிலோமீட்டரில் வண்டியை நிறுத்தச் சொன்னோம். இரண்டு பக்கமும் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர், அது எங்கே முடிந்து எங்கே வானம் தொடங்குகிறது என்று தெரியவில்லை. தூரத்தில் வெளிறிய இளஞ்சிவப்பில் ஒரு கோடு. கோடு மெல்ல நகர்ந்தபோதுதான் அது பறவைகள் என்று புரிந்தது. ஒருமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு ரேவதி தன் ஏரியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். கோடையில் அங்கே சூரியன் மறையாதாம். பாறையும் பாசியும், பிர்ச் என்ற குளிர்நாட்டு மரத்தின் குட்டை வகை, தரையோடு படர்ந்த புதர்களும்தானாம். ஆனால் ஒரே ஒரு அடுக்கில் மட்டும் பெரிய பெரிய பிர்ச் மகரந்தங்கள் அவளுக்குக் கிடைத்திருந்தன. மரமாக வளரும் பிர்ச்சுக்குத்தான் அந்த அளவு வரும். அப்படியானால் ஒரு காலத்தில் அந்த ஏரிக்கரையில் காடு இருந்திருக்கிறது; அவ்வளவு வெதுவெதுப்பான காலம். அதைக் கேட்டதும் அவளுடைய பேராசிரியர் வரும் ஜூலையில் மறுபடி சேறு எடுக்கப் போகும்போது அவளையும் அழைத்துப்போவதாகச் சொல்லியிருந்தார். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டுவிட்டாள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே அவள் பேசப் பேச, எனக்கும் அந்தக் காடு எங்கோ கண்ணெதிரே அசைவதுபோல் இருந்தது.

திரும்பும் வழியில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்க ஒரு சவுக்குத் தோப்பில் ஒதுங்கினோம். காற்று அடித்துக்கொண்டே இருந்தது. கடல் பக்கத்தில் இருப்பதுபோல அந்த இரைச்சலில் கண் செருகியது. எழுந்தபோது என் கறுப்புப் பை முழுவதும் மஞ்சள் தூள். தட்டப்போனேன்.

"தட்டாத, தட்டாத" என்றாள் ரேவதி.

முனிரத்னம் துணியால் சீட்டைத் துடைத்தபடி, "இந்த மாசம் இப்டித்தாம்மா, பூ கொட்டிக்கினே இருக்கும். மறுபடி மழைக்கு முன்னால ஒருவாட்டி, செப்டம்பர்ல" என்றார்.

அவள் முகம் மாறிப்போனது. டிபன் டப்பாவைக் கழுவித் துடைத்து, தாழ்ந்த கிளைகளின் நுனியிலிருந்து பூக்கதிர்களைக் கிள்ளிப் போட்டு மூடினாள். இருவரும் திருப்பதிக்குப் பேருந்து ஏறினோம். நாயுடுபேட்டையில் மாறி, காளஹஸ்தி தாண்டும்வரை அவள் டப்பாவை மடியிலேயே வைத்திருந்தாள். அப்புறம் சொன்னாள். அந்த அடுக்கின் சேற்றை அவள் வேகவைத்தது செப்டம்பரில். அன்று கரண்ட் போய் ஏசி நின்றுவிட, புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் குப்பிகளைத் திறந்தாள். ஆய்வுக்கூடத்து மதில் சுவருக்குப் பின்னால் அப்போது ஒரு சவுக்குத் தோப்பு இருந்தது. பொங்கல் முடிந்ததும் வெட்டிவிட்டார்கள். இப்போது வெறும் கட்டைகள்தான். சவுக்கின் மகரந்தமும் பிர்ச்சினுடையதும் ஒரே சாடை; இரண்டின் ஓட்டிலும் மூன்று துளை. ஜன்னல் வழியாக வந்து விழுந்த சவுக்குத் தூளைத்தான் பிர்ச் என்று எண்ணிவிட்டாளோ?

அன்றிரவு திருப்பதியில் அவள் அறையில் தங்கினேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆய்வுக்கூடத்தைத் திறந்து, தோப்பில் எடுத்த தூளையும் அதே மாதிரி அமிலத்தில் வேகவைத்தாள். நான் வெளியே வேப்பமரத்தடியில் காத்திருந்தேன். மதியம் ஒன்றரைக்குக் கூப்பிட்டாள். நுண்ணோக்கியில் இரண்டு கண்ணாடித் தகடுகளை, அந்த அடுக்கினுடையதையும் தோப்பினுடையதையும், மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கச் சொன்னாள். எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் இரண்டிலும் மிதந்தவை ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. கூடவே இன்னொன்றைக் காட்டினாள். அதே வடதுருவச் சேற்றின் உண்மையான குட்டை பிர்ச், ஓரமாக, சின்னதாக.

"சவுக்குதான்" என்றாள்.

எனக்கு ஜூலைதான் ஞாபகம் வந்தது. இதை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லையே, போய்வந்த பிறகு சொன்னால் என்ன என்று கேட்டுவிட்டேன். கேட்டதற்கு இப்போதும் கொஞ்சம் கூச்சம்தான்.

ரேவதி கோபப்படவில்லை. "இல்லாத காட்ட நானே அங்க நட்டுட்டு, அத்தப் பாக்க நானே போவணுமாடி?" என்றாள். பிறகு உட்கார்ந்து, ஜன்னலைத் திறந்தது உட்பட எல்லாவற்றையும் எழுதிப் பேராசிரியருக்கு அனுப்பினாள். அனுப்பிய பிறகு கொஞ்ச நேரம் அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் 4.10 ரயிலில் ஏறினேன். புத்தூர், நகரி என்று மலைகள் மங்கிக்கொண்டே வந்தன.

நான்காம் நாள் பதில் வந்ததாம். சொன்னது நல்லது, அந்த ஆழத்தில் மீதமிருக்கும் சேற்றை மறுபடி செய்து பார், இந்த வருடப் பயணத்தில் உனக்கு இடம் இல்லை. அவ்வளவுதான்.

பல ஊர்கள் பார்த்திருக்கிறேன். போகாத ஓர் ஊர் இவ்வளவு தெளிவாக நினைவில் நிற்பது இதுதான் முதல்முறை. அந்தக் காடு பொய் என்று தெரிந்தபிறகும் சில சமயம் கண்ணுக்குள் வந்துபோகிறது.

போக நினைப்பவர்களுக்கு: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை போங்கள். காலை பத்துக்குள் ஏரிச் சாலையில் இருந்துவிடுங்கள். வெயில் ஏறினால் கானலில் பறவைகள் கரைந்துவிடும். ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளத்தின் செக்போஸ்டுக்கு அப்பால் விடமாட்டார்கள். சாலையில் நிழலே கிடையாது, தண்ணீரும் தொலைநோக்கியும் கட்டாயம். சூளூர்பேட்டையிலிருந்து திருப்பதிக்கு நேர் பேருந்து குறைவு. நாயுடுபேட்டையில் மாறினால் மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். ஞாயிறு சாயங்கால ரயிலுக்கு முன்பதிவு செய்துகொள்ளுங்கள், தரிசனக் கூட்டம் முழுவதும் அதில்தான் திரும்பும்.

இதை எழுதி முடிக்கும் நேரத்தில் ரேவதி போன் செய்தாள். மீதிச் சேற்றை எண்ணி முடித்துவிட்டாளாம். பெரிய மகரந்தம் ஒன்றுகூட இல்லையாம்.

"மரமே இல்லடி. முழங்கா ஒசரத்துக்குப் புதரு, கோரை, கொஞ்சம் பூச்செடி. சுத்திலும் அவ்ளோதான்" என்றாள். அப்புறம் மெதுவாகச் சேர்த்தாள்: "நல்லாத்தான் கீது."