பூச்சுக்காரரின் மூன்று விரல்கள்

தேநீர் டம்ளரை அவர் இடக்கையால்தான் வாங்குவார். புதிதாக வீட்டுக்கு வந்தவர்களுக்கு அது கொஞ்சம் உறுத்தும். வலக்கை மடியில் சும்மா கிடக்கும். அதில் கட்டைவிரலுக்கு அடுத்த மூன்று விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்திருப்பார். சூடான பாத்திரத்தை அந்தக் கையால் தொடமாட்டார். சாப்பாடு நன்றாக ஆறிய பிறகுதான் தட்டில் கை வைப்பார். தோட்ட வேலை கிடையாது, துணி பிழிவது கிடையாது. “அந்த மூணு விரலுக்கு மட்டும் தனியாச் சம்பளம் வருது, நமக்கெல்லாம் வராது” என்பார் அவர் மனைவி. பல வருடமாகச் சொல்லிச் சொல்லி அந்தக் கிண்டலில் காரம் போய்விட்டது.

நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். அவருக்கு விமானப்படைத் தளத்தில் வேலை. ஸ்டெல்த் என்கிறார்களே, ரேடாருக்குப் பிடிபடாமல் பறக்கும் போர் விமானம், அதற்கு மேல்பூச்சுப் பூசுகிறவர். தெருவில் எல்லோருக்கும் அவர் பூச்சுக்காரர். பழுதுபார்க்க விமானத்தின் ஏதாவது ஒரு மூடியைக் கழற்றினால், திரும்ப மாட்டிய பிறகு அதன் விளிம்பைப் பசை வைத்து அடைத்து, தேய்த்து, பூச்சுப் பூசி, ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும். மூடிக்கும் விமானத்தின் உடம்புக்கும் நடுவே நகக்கனம் மேடு இருந்தாலும் போச்சு. ரேடார் அலை அதில் பட்டுத் திரும்பிப் போய்க் காட்டிக்கொடுத்துவிடும். அளந்து பார்க்கக் கருவி இருக்கிறது. கருவி சரியென்று சொன்ன பிறகும், இவர் கண்ணை மூடிக்கொண்டு அந்த மூன்று விரல்களால் விளிம்பு நெடுகத் தடவிப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் கையெழுத்து. அவர் கையெழுத்து இல்லாமல் விமானம் ஹேங்கர் என்கிற கொட்டகையை விட்டு நகராது.

பழக்க தோஷத்தில் வீட்டிலும் விரல்கள் சும்மா இருக்காது. நான் புது மேஜை வாங்கி மாடிக்கு ஏற்றிய அன்று, பேசிக்கொண்டே அதன் ஓரத்தைத் தடவியவர், “இந்த இடத்துல தச்சர் அவசரப்பட்டுட்டாருங்க” என்றார். நான் குனிந்து, வெளிச்சம் வைத்து, கண்ணாடி மாட்டிப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. மறுமாதம் சரியாக அதே இடத்தில் பலகை பிளந்தது.

அவருடைய மனைவிக்கு ஓர் அண்ணன். அதே தளத்தில் முப்பது வருடம் ரேடார் திரை முன்னால் உட்கார்ந்து, போன வருடம் ஓய்வு பெற்றவர். தெருக்காரர்கள் அவரை விட்டுவைப்பார்களா? அவர் திரைக்காரர். “மாப்ள ஒளிச்சு வைக்கிறதுக்குச் சம்பளம் வாங்குறார். நான் தேடிப் பிடிக்கிறதுக்கு வாங்குனேன். ரெண்டையும் ஒரே அரசாங்கம்தான் குடுத்துச்சு” என்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்து இந்த விமானங்களைப் பற்றி வாதாடுவார்கள். தலையாட்டுவதற்கு நான். இதில் வேடிக்கை என்னவென்றால், பூசுகிறவர் எப்போதும் விமானத்தின் குறைகளைப் பேசுவார். அதைத் தேடிக் களைத்தவர் அதன் பெருமையைப் பேசுவார். அவரவர் தொழிலின் ஓட்டை அவரவருக்குத்தானே தெரியும்.

இந்த வாதத்தில் இருவரும் தொடாத ஒரு நாள் உண்டு. பூச்சுக்காரர் ஒருமுறை மாடிப்படியில் உட்கார்ந்து, தானாகவே அதை என்னிடம் சொன்னார். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு மாலை, அடுப்பில் பால் பொங்கியது. யோசிக்காமல் வெறும் கையால் பாத்திரத்தை இறக்கிவிட்டார். மறுநாள் விரல்நுனிகள் மரத்திருந்தன. யாரிடமும் சொல்லவில்லை. வழக்கம்போலத் தடவினார், வழவழப்பாகத்தான் இருந்தது, கையெழுத்துப் போட்டார். அன்று தளத்தில் போர்ப் பயிற்சி. போன நான்கு விமானங்களில் மூன்று யார் கண்ணிலும் படவில்லை. நான்காவதைத் திரையில் பிடித்து, சுட்டாயிற்று என்று கணக்கில் எழுதிப் பாராட்டு வாங்கியவர் அவர் மச்சான். இரவுச் சாப்பாட்டில் அந்தப் பெருமையை இவரிடமே வந்து அளந்திருக்கிறார் மனுஷன். எந்த விமானம் என்பது மறுநாள்தான் அவருக்கே தெரிந்தது.

“அந்த விமானத்தை ஓட்டுன பையன் காகிதத்துலதாங்க செத்தான்” என்றார் பூச்சுக்காரர். “சாயங்காலம் ஹேங்கருக்கு வந்தான். கோபமே இல்ல. ‘அண்ணே, நிஜமா இருந்திருந்தா?’ன்னு மட்டும் கேட்டான்.” அன்றைக்கு மடக்கிய விரல்கள் அவை.

இந்த மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு. இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்லித் தளத்திலிருந்து கடிதம் வந்து, கையெழுத்தில்லாமல் குளிர்சாதனப் பெட்டியின் மேல் கிடக்கிறது. திங்கட்கிழமைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். வருடக்கணக்காக முகமூடிக்குள்ளேயும் புகுந்த ரசாயன வாடை அவர் நெஞ்சில் இருமலாகத் தங்கிவிட்டது. இதற்கு மேல் அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மனைவி அதை மந்திரம் மாதிரி நாளுக்கு நாலு தடவை சொல்கிறார். அவரும் சரியென்று தலையாட்டிவிட்டார். மூன்று வாரமாக டம்ளரை வலக்கையால் வாங்குகிறார். முதல் நாள் விரல்நுனி சிவந்து போனதை எனக்குக் காட்டி, “விரலுக்கும் ரிடையர்மென்ட் குடுத்துட்டேங்க” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

போன வியாழக்கிழமை அவர் மகள் விடுமுறையில் வந்தாள். ஒரே மகள். வேறொரு தளத்தில் பழைய ரகப் போர் விமானம் ஓட்டுகிறவள். வந்தவள் பையிலிருந்து மாற்றல் உத்தரவை எடுத்து அப்பாவிடம் கொடுத்தாள். அடுத்த மாதத்திலிருந்து இங்கேதான், இவர் பூச்சுப் பூசும் விமானங்களில்தான் அவள் பறக்கப்போகிறாள். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, “நல்ல விஷயம்மா” என்று காகிதத்தை மடித்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் வாயிலிருந்து வந்தது இருமல் மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை வாதத்தை அவரே தொடங்கிவைத்தார்.

“என்ன மச்சான் பெரிய விமானம்? ஒரு மணி நேரம் பறந்துட்டு வருது. அப்புறம் ரெண்டு நாள் அதை நாங்க சீராட்டணும். மழை ஆகாது, வெயில் ஆகாது. வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைகூட இவ்வளவு கேட்க மாட்டார்.”

“நான் மாப்பிள்ளைங்களப் பத்தி வாயே திறக்கல” என்றார் திரைக்காரர்.

“வயித்துக்குள்ள கொள்றது நாலஞ்சு ஏவுகணை. மேல வேணும்னா றெக்கைக்குக் கீழ தொங்கவிடணும். தொங்கவிட்டா ரேடார்ல தெரிஞ்சிடும், அப்புறம் எங்க ஒளியுறது? பின்னாடி எஞ்சின் சூடு வேற காட்டிக்குடுக்கும். அதுக்கு என்கிட்ட எந்தப் பூச்சும் கிடையாது.”

அப்படியானால் எதற்காக இதைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்று நான் கேட்டேன். திரைக்காரர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

“திரையில புள்ளி வந்தா எனக்குப் பயமே கிடையாதுங்க. எவ்வளவு தூரம், என்ன வேகம், எல்லாம் தெரியும். புள்ளியே இல்லாம தலைக்கு மேல சத்தம் கேட்டுச்சு பாருங்க ஒரு நாள், அது பயிற்சிதான், உள்ளங்கையெல்லாம் வேர்த்துடுச்சு. நாங்க சுதாரிக்கிறதுக்குள்ள வந்தவன் திரும்பி அவன் வீட்டுக்கே போய்ச் சேர்ந்துட்டான். அந்தப் பிள்ளை வீடு திரும்புறதுக்குத்தான் இவ்வளவும்.”

“பழைய நீள அலை ரேடார்ல தெரியுமே?” என்றார் பூச்சுக்காரர்.

“என்னமோ வருதுன்னு தெரியும் மாப்ள. எங்க வருதுன்னு சரியாத் தெரியாது. குறி வைக்க அது பத்தாது.”

அதுவரை சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்த மகள் நிமிர்ந்தாள். “மாமா, நீங்க எதிரிப் பக்கம் உட்கார்ந்திருந்தா, என்னைப் பிடிச்சிடுவீங்களா?”

விளையாட்டாகத்தான் கேட்டாள். திரைக்காரர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

“உங்கப்பா தடவிப் பார்த்து அனுப்புனா, என்னால பிடிக்க முடியாதும்மா.”

“வேற யாராவது பார்த்து அனுப்புனா?”

தேடிப் பிடிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த அந்த மனுஷனுக்கு, பொய் சொல்ல ஓர் இடம் அகப்படவில்லை. “தெரியலம்மா” என்றார்.

“அண்ணே, போதும்” என்றார் தங்கை, சமையலறை வாசலிலிருந்து.

மகளுக்குச் சங்கடமாகிவிட்டது. “அம்மா, நான் அப்பாவ இருக்கச் சொல்லல. அங்க அப்பாகிட்ட வேலை கத்துக்கிட்டவங்க நாலு பேர் இருக்காங்க. அப்பா வீட்டுல இருந்து நெஞ்சப் பார்த்துக்கட்டும். நான் சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்.” நிஜமாகவே அப்படித்தான் கேட்டாள் என்று நான் நம்புகிறேன். எழுந்து மாடிக்குப் போய்விடலாம் என்றுகூட எனக்குத் தோன்றியது.

அவர் மனைவி தட்டில் தேநீர் கொண்டுவந்தார். ஆவி பறந்தது. எனக்கு, அண்ணனுக்கு, மகளுக்கு என்று வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வந்து, கடைசியாகக் கணவரிடம் நீட்டினார். இந்த மூன்று வாரமும் செய்ததுபோல அவர் வலக்கையை நீட்டினார். விரல்கள் டம்ளரைத் தொடப்போன இடத்தில் நின்றன. மனைவி அவர் முகத்தையே பார்த்தபடி தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவர் வலக்கையை மெல்ல இழுத்து மடியில் வைத்து, மூன்று விரல்களையும் உள்ளே மடக்கிக்கொண்டு, டம்ளரை இடக்கையால் எடுத்தார்.